செம்பு மனிதன் ஓடவில்லை

போன மாதம் இராயபுரம் மாடி அறையில் ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி, நீங்கள் எனக்குப் படம் போட்டுக் காட்டினீர்கள். படம் முடிந்ததும் நான் பேச வேண்டும் என்று ஏற்பாடு. ‘பழைய எதிர்காலப் படங்களிலிருந்து கதை பிறப்பது எப்படி’ என்று தலைப்பு வைத்து, போனில் எல்லாருக்கும் அனுப்பி, வடை வேறு வாங்கி வைத்திருந்தீர்கள். நான் என்ன செய்தேன்? விளக்கு எரிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டேன். மறுநாள் போன் செய்து, என் நாவலை ஒலித்தொடராக்கும் வேலையை நிறுத்துங்கள் என்றும் சொன்னேன்.

உங்களில் ஒருத்தி பாவம், குரல் கம்மிப்போய்க் கேட்டாள். “சார், நாங்க ஏதாச்சும் தப்பு பண்ணிட்டோமா?”

இல்லையம்மா. தப்புப் பண்ணினவன் நான். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பண்ணினேன். அன்றைக்கு உங்கள் வெள்ளைத் துணியில் படம் ஓடும்போதுதான் அது எனக்கே தெரிந்தது. போன மாதம் பேசாமல் போனதற்குப் பதிலாக இப்போது எழுதித் தருகிறேன். தொழில் பாடமாக எடுத்துக்கொண்டாலும் சரி, கிழவன் புலம்பல் என்று ஒதுக்கினாலும் சரி, கடைசி வரைக்கும் படித்துவிடுங்கள்.

தகர ராக்கெட், ஒட்டுப்போட்ட ஆகாயக் கப்பல், மார்பில் ஆணி வரிசையோடு நடக்கும் இயந்திர மனிதன். தாத்தா காலத்து ஆட்கள் நாளைய உலகம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்ததைப் பேரன்கள் ஆசையாகப் படமெடுத்தார்கள். நீங்கள் அதைப் பார்த்து, “செம அழகு சார்” என்கிறீர்கள். எங்களுக்கு அது அழகாகத் தெரியவில்லை, பழக்கமாகத் தெரிந்தது. குழாய், நீராவி, முள் ஆடும் மீட்டர், சங்குச் சத்தம், எண்ணெய்க் கை. எண்ணூரில் ரயில் ஏறி இராயபுரத்தில் இறங்குகிறவன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வருவதே அதுதான். படம் எடுத்தவனுக்கு அது கனவு, நம்ம ஆளுக்குக் காலை ஷிப்ட். இங்கே இருந்து நாலைந்து பேர் ராக்கெட் கதை எழுதக் கிளம்பினோம் என்றால் அதற்கு இதுதான் காரணம், வேறு பெரிய மேதைத்தனம் ஒன்றும் கிடையாது.

அப்போது நான் பாரிமுனைப் பக்கம் ஓர் அச்சகத்தில் புரூப் திருத்திக்கொண்டிருந்தேன். அந்த அச்சக முதலாளிதான் மாத நாவலும் போட்டார். மாதம் ஒரு சாகசக் கதை எழுதுவது என் இன்னொரு வேலை. குடியிருந்தது எண்ணூரில். காலை வண்டியில் எங்கள் பெட்டி ஆட்கள் தினமும் அதே ஆட்கள்தான், உட்காரும் இடம்கூட மாறாது.

என் முதல் ராக்கெட் நாவல் வந்த வாரம், எதிர் சீட்டில் இருந்தவர் புத்தகத்தை என் மடியில் போட்டார். காசிமேட்டில் படகு என்ஜின் பழுது பார்க்கும் பட்டறையில் பிட்டர். நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் இருக்கும். எல்லாரையும் “மாமு” என்றுதான் கூப்பிடுவார், அதனால் எல்லாரும் அவரையும் மாமு என்றே கூப்பிட்டோம்.

“இன்னா மாமு, உன் ஹீரோ ஒளித் துப்பாக்கிய எட்துகினு கப்பல் கப்பலா கொளுத்திகினே கீறான். அத்துக்குக் கரண்டு எங்கேர்ந்து வர்து? பேட்டரி எங்க கீது?”

“அதெல்லாம் கதைல சொல்ல வேணாம் மாமு.”

“அட போ மாமு. மிசின்னா அத்துக்குப் பசிக்கணும். பசிக்காத மிசினு பொம்ம.”

பெட்டியே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று இருந்தது, ஆனால் ஆள் சொன்னது சரி. அன்றிலிருந்து என் கதையில் ஒரு இயந்திரம் வந்தால், அதற்கு என்ன தீனி, அது எங்கே தேயும், எப்போது மக்கர் பண்ணும் என்று முதலில் யோசித்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பேன். உங்கள் கூட்டங்களில் நான் பெருமையாகச் சொல்லுகிற ‘இயந்திரத்துக்குப் பசி வேண்டும்’ என்ற வாசகம் என்னுடையது இல்லை, மாமுவுடையது. இதையும் இத்தனை நாள் நான் சொன்னதில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமு படம் சொல்லுவதில் மன்னன். விடுமுறை நாளில் இங்கிலீஷ் படத்துக் காலைக் காட்சிக்குப் போய்விட்டு வந்து, மறுநாளிலிருந்து ரயிலில் சொல்லுவார். அவருக்கு எஸ், நோ தவிர இங்கிலீஷ் கிடையாது. எனக்குப் புரூப் பார்க்கிற அளவுக்குத் தெரியும், வெள்ளைக்காரன் வாயால் பேசினால் ஓர் எழுத்து பிடிபடாது. அவர் கதையை ஸ்டேஷன் கணக்கில் அளந்து வைத்திருந்தார். கத்திவாக்கத்தில் ஆகாயக் கப்பல் கிளம்பும். திருவொற்றியூரில் வில்லன் வருவான். கொருக்குப்பேட்டை சிக்னலில் வண்டி நின்றால் அதற்கென்று தனியாக ஒரு சண்டையை உள்ளே சொருகுவார். இராயபுரம் பிளாட்பாரம் தெரியும்போது யாராவது ஒருத்தர் கழுத்தில் கத்தி இருக்கும், மாமு இறங்கிப் போய்விடுவார். யாராவது சந்தேகம் கேட்டால், “படத்துல அப்டித்தான் காட்டுறான்” என்பார். அதற்கு மேல் கேள்வி கிடையாது.

ஒரு திங்கட்கிழமை புதுப் படத்தை ஆரம்பித்தார். கடலுக்கடியில் செம்பாலேயே கட்டிய ஒரு நகரம். அங்கே போய்ச் சேர ஒட்டுப்போட்ட ஆகாயக் கப்பல். ஊர் நடுவில் பெரிய கொதிகலன், அந்த ஊருக்கே அதுதான் மூச்சு. கொதிகலனைப் பார்த்துக்கொள்ளச் செம்பு மனிதர்கள்.

“அதுல ஒர்த்தன் பேரு இன்னாமோ சொன்னான், நம்ம வாய்ல நுயையாது. நம்ம அண்ணன்னு வெச்சுக்குவோம்” என்றார் மாமு.

நாலு நாள் ஓடியது கதை. வழக்கமாகக் கையைக் காலை ஆட்டிச் சொல்லுகிற மனுஷன், நாலாவது நாள் மடியில் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

“குயாய் வெடிச்சிகிச்சு. ஆவி பொகையா நிக்குது, எதிர்ல இருக்கறவன் தெரீல. கீய் அறையில எட்டு ஆளுங்க மாட்டிகினாங்க. மேல இருக்கற பெரிய வால்வ மூடுனாத்தான் அவங்க பொயைப்பாங்க. மத்த மிசினுங்கல்லாம் உட்டுட்டு ஓடிச்சு. அண்ணன் மட்டும் உள்ள போனான். சுத்துறான், சுத்துறான், கை வெந்துபோச்சு. முச்சூடும் மூடிட்டான். அப்பறம் வெளிய வர்றதுக்குத் திரும்புனான். வாசப்படி வரிக்கும் வந்துட்டான் மாமு. வாசப்படில உயுந்துட்டான்.”

பெட்டியில் பேச்சு மூச்சு இல்லை. நான்தான் வாயைத் திறந்தேன். எழுத்தாளன் இல்லையா, கை அரித்தது.

“மாமு, வாசல்ல விழுந்தா ஓடிப்போன மாதிரி இருக்குமே. வால்வு பக்கத்துலயே விழுந்தா இன்னும் நல்லா இருக்கும்ல?”

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பார்த்தும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

“படத்துல அப்டி இல்ல. நீ எய்துறவன்தான? ஒயுங்கா கேட்டுக்க. மொதல்ல மூடுனான். அப்பறந்தான் திரும்புனான்.”

இன்னொன்றும் அன்றைக்குப் பார்த்தேன். எங்கள் பெட்டி வாசலோரம் கத்திவாக்கத்தில் ஏறும் ஓர் அக்கா கூடையோடு உட்காருவார். ஆற்று இறால் விற்கிறவர், எறா அக்கா என்போம். தினமும் தண்டையார்பேட்டையில் இறங்கிவிடுவார். அன்றைக்கு இறங்கவில்லை. இராயபுரம் வரைக்கும் வந்தார். ஏதோ வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாத நாவலுக்கு என்னிடம் கதை இல்லை. கை தானாகச் செம்பு நகரத்துக்குப் போனது. எங்கள் தொழிலில் ஒரு நேர்மை இருந்தது, சிரிக்காமல் கேளுங்கள். இங்கிலீஷ் படத்திலிருந்து எடுத்தால் அது வெறும் சுடுவது, அதில் அசிங்கமில்லை. பக்கத்து எழுத்தாளனிடம் எடுத்தால் அது திருட்டு. படத்தை நான் பார்க்கவில்லை, வெள்ளிக்கிழமை படம் மாறிவிட்டது. பார்த்தால் என்ன, கேட்டால் என்ன, சுடப்போவது வெள்ளைக்காரனை என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் எழுதி முடித்தேன். மாமு சொன்னபடியே, வாசப்படியில் விழுவது வரைக்கும் வைத்தேன். என் வாழ்நாளில் எழுதிய நல்ல கடைசி அத்தியாயம் அதுதான். அது அச்சாகவில்லை.

மாத நாவலில் ஒரு பழக்கம் உண்டு. கதை முடிவதற்கு முன்னாலேயே அட்டை அச்சாகிவிடும். ஓவியரிடம் நாலு வார்த்தை சொல்லி அனுப்புவோம், அவர் தன் இஷ்டத்துக்கு வரைந்து தருவார். நான் ‘வால்வுச் சக்கரம், துப்பறிகிற ஹீரோ, செம்பு மனிதன், ஒரு பெண்’ என்று சொல்லியிருந்தேன். ஓவியர், ஹீரோ வால்வைப் பிடித்துக்கொண்டு நிற்க, பின்னால் செம்பு மனிதன் தலைதெறிக்க ஓடுகிற மாதிரி வரைந்துவிட்டார். ஏன் ஐயா என்று பிறகு கேட்டேன். சும்மா நின்றால் படத்தில் வேகம் வராது என்றார். அவர் மேல் குற்றமில்லை, அவரிடம் யாரும் கதை சொல்லவில்லை.

முதலாளி தெற்கத்திக்காரர். அச்சகத்துக்கு முன்னால் காகித மொத்த வியாபாரம் பண்ணியவர், சத்தம் போட்டுப் பேச மாட்டார். ஒரு மத்தியானம் அட்டைக் கட்டையும் என் கடைசி அத்தியாயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“என்னய்யா இது? அட்டையில மிஷின் ஓடுது, கதையில மிஷின் நிக்கி. வாங்குதவன் கேக்க மாட்டானா?”

“அட்டையை மாத்திடலாமே ஐயா.”

“அட்டை அடிச்சு முடிச்சாச்சு. சாயங்காலம் கடைசிப் பாரம் அச்சுல ஏத்தணும். நாளைக்குக் கட்டு வெளியூரு போவுது. கதை நீரு எழுதுனதுதானே, நீரே மாத்தும். ஒரு மிஷினு ஓடுனா என்ன, நின்னா என்ன?”

இந்த இடத்தில்தான் நீங்கள் நின்று பார்க்க வேண்டும். அவர் என்னை மிரட்டவில்லை. முடியாது என்று நான் சொல்லியிருந்தால், முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓவியத்தின் அந்தப் பாகத்தில் நாவலின் பெயரைப் பெரிதாக அச்சடித்து மறைத்திருப்பார், இதற்கு முன்னால் இரண்டு தடவை அப்படிச் செய்திருக்கிறார். எனக்கு அது தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. ‘நீரே மாத்தும்’ என்றதும் எனக்குள் ஒரு வீம்பு வந்துவிட்டது, இரண்டு மணி நேரத்தில் எந்தக் கதையையும் திருப்புவேன் என்ற வீம்பு. அந்தப் பாழாய்ப்போன கைவேகத்துக்குத்தான் எனக்கு அச்சகத்தில் பெயர்.

திருப்பினேன். போர்மேன் பக்கத்தில் நின்று தாள் தாளாக வாங்கிக்கொண்டு போனார். செம்பு மனிதன் ஆவியைக் கண்டு பயந்தான், வால்வை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினான், வாசப்படியில் விழுந்து நொறுங்கினான். ஹீரோ வால்வை மூடி எட்டுப் பேரைக் காப்பாற்றினான். கடைசி வரியாக ‘பயம் செம்பையும் உருக்கும்’ என்று எழுதி, எழுந்து கையை உதறிக்கொண்டேன். அந்த வரியைப் பாராட்டி வாசகர் கடிதம் வந்தது. பல வருஷம் அந்தக் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தேன், வெட்கக்கேடு.

புத்தகம் வருகிற நாளை மாமு என்னைவிட ஆவலாக எதிர்பார்த்தார். “புக்கு வந்துச்சா மாமு? அண்ணன் வந்துட்டானா?” என்று தினமும் கேட்டார். வந்த அன்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை எங்கள் பெட்டியில் வரும் தபால்காரரிடம் நீட்டி, “கடைசிய மட்டும் கொஞ்சம் சத்தமா பட்சிக் காட்டு நைனா, அல்லாரும் கேக்கட்டும்” என்றார். தபால்காரருக்குக் கணீரென்ற குரல்.

அவர் படித்தார். செம்பு மனிதன் ஓடினான். கோழை இயந்திரம் என்று ஹீரோ காறித் துப்பினான். பெட்டி கைதட்டியது. நான் வெட்கப்படுவது மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், சந்தோஷம்தான்.

திரும்பிப் பார்த்தபோது மாமு என்னைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எறா அக்கா சும்மாட்டைத் தலையில் வைத்து, கூடையைத் தூக்கிக்கொண்டிருந்தார். வண்டி திருவொற்றியூரில் நின்றது. அது அவர் இறங்குகிற இடமில்லை. இறங்கிப் போனார். மாமுவும் பின்னாலேயே இறங்கினார். புத்தகம் தபால்காரர் கையிலேயே இருந்தது.

அதன் பிறகு இரண்டு பேரும் எங்கள் பெட்டியில் ஏறவில்லை. இரண்டு மூன்று தடவை பிளாட்பாரத்தில் மாமுவை வேறு பெட்டிப் பக்கம் பார்த்தேன். போய்க் கேட்டிருக்கலாம், இருபதடி தூரம். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? படம் சொன்னதற்குத் தன் பெயரையும் புத்தகத்தில் போடவில்லையே என்று கோபம் என்று நினைத்தேன். அவராக வந்து கேட்கட்டும், அடுத்த புத்தகத்தில் நன்றி என்று ஒரு வரி போடலாம் என்று இருந்தேன். அவர் வரவில்லை. நாவல் நன்றாக விற்றது, வேலையை விட்டு முழுநேர எழுத்தாளனானேன், மாதவரம் பக்கம் குடி போனேன். அந்த ரயிலே எனக்கு இல்லாமல் போயிற்று.

இப்போது உங்கள் மாடி அறைக்கு வருகிறேன். உங்களில் ஒரு கெட்டிக்காரன் எங்கெங்கோ தேடி, என் நாவலுக்கு மூலமான படத்தைக் கண்டுபிடித்துவிட்டான். கீழே தமிழ் எழுத்து ஓட, முதல் தடவையாக அந்தப் படத்தை நான் பார்க்கிறேன். செம்பு நகரம் வந்தது. ஒட்டுப்போட்ட ஆகாயக் கப்பல் வந்தது. நீங்கள் என் பக்கம் திரும்பித் திரும்பிச் சிரித்தீர்கள். நான் குழாய் வெடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். கொதிகலன் அறையே படத்தில் இல்லை. செம்பு மனிதர்கள் வரிசையாக வந்து கோமாளி ஆட்டம் ஆடிவிட்டுப் போனார்கள். ஹீரோ பெண்ணை முத்தமிட்டான், கப்பல் கிளம்பியது, பெயர்கள் ஓடின. அதுவரைக்கும் வால்வுக்காகக் காத்திருந்தேன்.

படத்தில் இல்லாததை நான் யாரிடமிருந்து எடுத்தேன்? விளக்கு எரிந்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வெள்ளைக்காரனைச் சுட்டேன் என்று முப்பத்தைந்து வருஷம் நிம்மதியாகத் தூங்கியவன், எதிர் சீட்டுக்காரனின் கதையைத் திருடியிருக்கிறேன். உங்கள் முன்னால் நின்று கதை பிறப்பது எப்படி என்று எந்த வாயால் பேசுவது? அதனால்தான் படியிறங்கினேன்.

அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. காசிமேட்டுப் பட்டறைகளில், “எல்லாரையும் மாமுன்னு கூப்பிடுவாரே, எண்ணூர்லேர்ந்து வருவாரே” என்று கேட்டுக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணூரில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பழைய பம்பு ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். முடியெல்லாம் நரைத்துவிட்டது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை.

“இன்னா மாமு, படம் பாத்தியா?”

“பாத்தேன் மாமு.”

“வால்வு வந்துச்சா?”

“வரல.”

“முப்பத்தஞ்சு வருசம் ஆச்சா உனுக்கு ஒரு டிக்கெட்டு எடுக்க?”

நான் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவ்வளவு பெரிய கற்பனையை உன் பெயர் சொல்லாமல் எடுத்துக்கொண்டேனே என்றேன். அவர் கையை உருவிக்கொண்டார்.

“கற்பனையா? எங்க அண்ணன்யா அது.”

பம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். அவருடைய அண்ணன் அந்த வட்டாரத்தில் ஓர் ஆலையில் கொதிகலன் ஆள். அந்த ஆலையின் பெயர் வேண்டாம், அது இப்போது இல்லை. குழாய் வெடித்தது, கீழே எட்டுப் பேர், மேலே வால்வு. எல்லாம் நடந்தது நடந்தபடி. அண்ணனின் உடம்பு வாசப்படியில் கிடந்தது. விசாரணைக்கு வந்தவர்கள் உடம்பு கிடந்த இடத்தைப் பார்த்தார்கள், வேலையை விட்டுவிட்டு ஓடியதால் நேர்ந்த விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள். வால்வை யார் மூடியது என்று அவர்கள் கேட்கவே இல்லை.

“பொயைச்ச எட்டுப் பேருக்கும் தெரியும். ஆனா வேல போயிடுமேன்னு ஒர்த்தனும் வாயத் தொறக்கல. ஊரெல்லாம் அண்ணிய ‘ஓடிப்போனவன் பொண்டாட்டி’ன்னு பேசிச்சு. அண்ணி எங்க வூட்ட வுட்டு அம்மா வூட்டுக்குக் கத்திவாக்கம் பூடுச்சு. எறா வித்துகினு இருந்துச்சு.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்குத் தண்டையார்பேட்டையில் இறங்காமல் இராயபுரம் வரைக்கும் வந்த அக்கா. திருவொற்றியூரில் இறங்கிப்போன அக்கா.

“ஏன் மாமு படம்னு சொன்ன? என்கிட்ட நேரா சொல்லியிருந்தா...”

“சொன்னா இன்னா பண்ணியிருப்ப? எங்க அண்ணன் கதைன்னா ரெண்டு ஸ்டேசன் கேட்டுட்டு ‘அய்யோ பாவம்’னு எறங்கிடுவீங்க. படம்னா கடசி வரிக்கும் குந்திகினு கேப்பீங்க. பெட்டி மொத்தமும் எங்க அண்ணனுக்காவ ஒரு நாளு கம்முனு இருந்துச்சு. அண்ணி பாத்துச்சு அத்த. அன்னிக்கு ராயபுரத்துல எறங்கசொல்ல சிரிச்சுச்சு மாமு. அப்பறம் நீ எய்துறவனாச்சே, புக்குல வந்துடும்னு நாந்தான் சொல்லி வெச்சேன்.”

அவர் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டார். வீட்டுக்குள் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

“அந்தப் புக்கு பட்சப்புறம் அண்ணி உன்ன ஒரு வார்த்த திட்டல. ஒரே ஒரு தபா கேட்டுச்சு. ‘ரெண்டு எடத்துல எய்தி வெச்சுட்டாங்களே, அப்ப அது நெசம்தானா?’ன்னு கேட்டுச்சு.”

அக்கா இருக்கிறாரா என்று கேட்டேன். போன வருஷம் தை மாதம் போய்விட்டார் என்றார். ஒரு வருஷம். நீங்கள் அந்தப் படத்தை ஒரு வருஷம் முன்னால் கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்று உங்கள் மேல்கூட எனக்குக் கோபம் வந்தது. பிறகு என் மேல்தான் வந்தது. பிளாட்பாரத்தில் இருபதடி நடந்திருந்தால் போதும், படமே பார்த்திருக்க வேண்டாம்.

சில பிள்ளைகள் நாவலை ஒலித்தொடராக்கக் கேட்கிறார்கள், கடைசி அத்தியாயத்தை நீ சொன்னபடியே திருத்திக் கொடுக்கிறேன் என்றேன். அதற்குத்தான் வந்தேன் என்றும் சொன்னேன்.

“ஒண்ணும் மாத்தாத” என்றார் மாமு. “மாத்திட்டன்னா நீ நல்லவனா பூடுவ. அண்ணி காதுல உயுந்தது அந்தப் பயைய கதைதான? அது அப்டியே கெடக்கட்டும். கடசிப் பக்கத்துக்குப் பின்னாடி ஒரு பக்கம் போடு. நான் எய்துனது பொய்யின்னு போட்டுக் கீய உன் கையெயுத்தப் போடு. எம் பேரு வேணாம். அவன் பேர மட்டும் போடு.”

சரி என்றேன். அவர் விடவில்லை, பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி விரலை நீட்டினார்.

“மொதல்ல இன்னா பண்ணான்?”

“மூடினார்.”

“அப்பறம்?”

“அப்பறம்தான் திரும்பினார்.”

“ம்” என்று சொல்லிவிட்டுப் பம்பை மறுபடி கையில் எடுத்தார். கிளம்புகிறேன் என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். போய்ட்டு வா மாமு என்றெல்லாம் எதுவும் கிடையாது.

தம்பிகளா, தங்கைகளா, தலைப்புப்படி நான் பேச வேண்டியதை இப்போது பேசிவிடுகிறேன். இந்தப் படங்கள் உங்களுக்குக் கதை தரும், சந்தேகமே வேண்டாம். தகர ராக்கெட்டுக்குள் எதை வைத்தாலும் ஜனங்கள் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் கேட்பார்கள். அதை மாமு என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். நேராகச் சொன்னால் யாரும் கேட்காத துக்கத்தை, செம்புத் தகட்டுக்குள் வைத்துச் சொன்னார். நான் தகட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். உங்களுக்கு யாராவது படம் சொன்னால், ஏதோ ஒரு இடத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டு, ‘அப்படி இல்லை, இப்படித்தான்’ என்று பிடிவாதம் பிடித்தால், பேனாவை மூடிவிட்டு ஏன் என்று கேளுங்கள்.

அப்புறம் அட்டை. உங்களுக்கு இப்போது அட்டை கிடையாது, போனில் தெரிகிற சின்னப் படம் இருக்கிறது. அதற்குப் பொருந்தக் கதையைத் திருப்பச் சொல்லுவார்கள், சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள், ஒரு மிஷின் ஓடினால் என்ன நின்றால் என்ன என்பார்கள். இரண்டு மணி நேரத்தில் திருப்பிவிடுகிற கெட்டிக்காரத்தனம் உங்களுக்கும் இருக்கும். அன்றைக்கு என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒலித்தொடரை நிறுத்த வேண்டாம், செய்யுங்கள். கடைசி அத்தியாயத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாதீர்கள், ‘பயம் செம்பையும் உருக்கும்’ உட்பட. அது முடிந்த கையோடு, இசை எதுவும் சேர்க்காமல், அந்தத் தபால்காரரைப் போலக் கணீரென்ற குரல் உள்ள ஒருவரை வைத்து, கீழே இருப்பதைப் படிக்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட தாளை இதனுடன் வைத்திருக்கிறேன்.

‘கடலடியில் செம்பு நகரம்’ நாவலின் கடைசி அத்தியாயம் பொய். அதை எழுதியவன் நான். செம்பு மனிதன் ஓடவில்லை. மற்றவர்கள் ஓடியபோது அவர் உள்ளே போனார். முதலில் வால்வை மூடினார். அப்புறம்தான் திரும்பினார். அவர் பெயர் ஏகாம்பரம்.